பழைய லொறிக்குப் பியூஸ் பெட்டி தெரிவு செய்தல்

தொழில் அறிவுப் பாடம்



2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பல இடங்களில் மண் சரிந்தது. இப்படிக் காணியையும் லயத்தையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள் கிடைத்த துண்டு நிலத்தில் மறுபடியும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் பயிரிடத் தொடங்கும்போது, விதையையும் உரத்தையும் எப்படியோ தேடிக்கொள்கின்றன. அவை முட்டி நிற்பது விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகும் இடத்தில்தான். லொறி வைத்திருப்பவர் சொல்லும் கூலியே கூலி, அவர் சொல்லும் விலையே விலை என்றாகிவிடுகிறது. ஆகவே சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு லொறி வாங்கலாமா என்று யோசிப்பது நியாயமே.

புதிய லொறி எமது கைக்கு எட்டாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களைத் திருத்தித் திருத்தி ஓட்டவே நாடு பழகிக்கொண்டது. எனவே எமது கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு பழைய பெட்போர்ட், ஒரு பழைய டாடா, அல்லது பல கைகள் மாறிவந்த ஒரு ஜப்பான் லொறி. பெட்போர்ட் 'ஜே' வகை லொறி வெளிவந்தது 1958இல். அதன் வயதை எண்ணிப் பாருங்கள்.

லொறி பார்க்கப் போகும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறோம். டயரைத் தட்டிப் பார்க்கிறோம். துரு உண்டா என்று குனிந்து சட்டத்தைப் பார்க்கிறோம். வயரிங்கைப் பார்ப்பவர் குறைவு. "லைட் எரிகிறது தானே" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பல பத்தாண்டுகள் சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்த வயரின் மேலுறை காய்ந்து வெடித்திருக்கும், வளைத்தால் உதிரும். அப்படிப்பட்ட லொறிக்கு முழு வயரிங்கையும் மாற்றத்தான் வேண்டும். அந்த வேலையைத் தொடங்கும்போது வயரிங் பாஸ் எம்மிடம் கேட்கும் முதல் கேள்வி: "எந்தப் பியூஸ் பெட்டி போடட்டும்?"

"ஏதாவது நல்லதாகப் போடுங்கள் பாஸ்" என்பதே வழக்கமான பதில். இது போதாது. மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ள லொறி தீப்பிடித்தால், எமது சொந்த லொறிக்கு ஒரு சதமும் கிடைக்காது. பத்துக் குடும்பங்களின் சேமிப்பு ஒரு வளைவில் சாம்பலாகிவிடும். ஆகவே அந்தக் கேள்விக்குக் குழுவே விடை சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடம்.

1. பியூஸ் எதைக் காக்கிறது?

பாடப்புத்தகம் 'உருகி' என்று சொல்வதைத்தான் நாம் பியூஸ் என்கிறோம். பல்பையும் ஹோனையும் காப்பதற்காகவே அது இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பியூஸ் காப்பது வயரை.

ஒரு லைட் வயர் லொறிச் சட்டத்தில் உராய்ந்து, மேலுறை தேய்ந்து, உள்ளிருக்கும் செம்பு இரும்பைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம. பெரிய டீசல் எஞ்சினைச் சுற்றிவிடக்கூடிய பற்றரி அது. நூற்றுக்கணக்கான அம்பியரை ஒரு நொடியில் கொடுக்கும். அவ்வளவும் அந்த மெல்லிய வயரினூடாகப் பாயும்போது, வயர் முழு நீளத்துக்கும் மின் அடுப்புக் கம்பியைப் போல் பழுக்கும். மேலுறை எரியும். ஒன்றாகக் கட்டிய மற்ற வயர்களும் எரியும். டாஷ்போர்டின் கீழே தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, பழைய துணி, சில லொறிகளில் எரிபொருள் குழாயும்கூட இருக்கும். மிகுதியைச் சொல்லத் தேவையில்லை.

பியூஸ் என்பது அந்த வழியில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட மிகப் பலவீனமான இடம். எங்கே உருக வேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானிக்கிறோம். நாம் தீர்மானிக்காவிட்டால் வயர் தீர்மானித்துக்கொள்ளும்.

இதிலிருந்து ஓர் ஒழுங்கு பிறக்கிறது. பல்பு, மோட்டார் ஆகியவை எடுக்கும் மின்னோட்டத்தைப் பார்த்து வயரைத் தெரிவு செய்ய வேண்டும். வயரைப் பார்த்துப் பியூஸைத் தெரிவு செய்ய வேண்டும். பியூஸ்களை எண்ணிப் பார்த்துப் பெட்டியைத் தெரிவு செய்ய வேண்டும். கடையில் முதலில் பெட்டியை வாங்கிவிட்டுப் பிறகு அதற்குள் எல்லாவற்றையும் திணிப்பது தலைகீழ் வேலை.

2. பழைய பெட்டியில் என்ன குறை?

அக்காலப் பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் லூக்காஸ் கம்பனியின் சிறிய பெட்டி இருந்தது. அதில் வேலை செய்யும் பியூஸ் இரண்டே இரண்டு. பக்கத்தில் மாற்றுப் பியூஸ் இரண்டு. ஒரு பியூஸில் திறப்பைத் திருப்பினால் வேலை செய்பவை எல்லாம் தொங்கும்: வைப்பர், பிரேக் லைட், சிக்னல், மீற்றர்கள். மற்றதில் எப்போதும் மின் உள்ளவை தொங்கும். பல வாகனங்களில் ஹெட்லைட்டுக்குப் பியூஸே கிடையாது.

அந்தக் காலத்துக்கு அது போதுமாக இருந்திருக்கலாம். ஆனால் றம்பொடைக் கணவாயில் மழை இரவில் இறங்கும் லொறியை நினைத்துப் பாருங்கள். வைப்பர் மோட்டார் இறுகி அந்தப் பியூஸ் உருகினால், அதே கணத்தில் பிரேக் லைட்டும் போய்விடும். பின்னால் பனிமூட்டத்தில் வரும் பஸ் சாரதிக்கு எமது லொறி நிற்பது தெரியாது. ஒரு கோளாறு இரண்டாவது கோளாறைக் கூட்டிக்கொண்டு வரக் கூடாது. புதிய பெட்டி தெரிவு செய்வதன் முதல் நோக்கம் இதுதான்: ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் தனி வழி, தனிப் பியூஸ்.

3. '35' என்ற எண்ணில் உள்ள பொறி

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள்.

லூக்காஸ் பெட்டியில் இருந்த கண்ணாடிப் பியூஸில் '35' என்று அச்சிட்டிருக்கும். அந்த எண், எந்த அளவில் பியூஸ் உருகும் என்பதைக் குறிக்கிறது. அது தொடர்ந்து தாங்கும் அளவு அதில் ஏறக்குறையப் பாதிதான், அதாவது சுமார் 17 அம்பியர். இன்று கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் தட்டைப் பியூஸில் எழுதியிருக்கும் எண்ணின் பொருள் வேறு. அது உருகாமல் தாங்கக்கூடிய அளவு. 30 என்று எழுதியிருந்தால் அது ஏறக்குறைய 30 அம்பியரைச் சுமந்துகொண்டே நிற்கும்.

இப்போது ஒருவர் பழைய பெட்டியைக் கழற்றுகிறார். '35' என்று காண்கிறார். "35 இருந்தது, 35 இல்லை, 30 போடுவோம், குறைத்துத்தானே போடுகிறோம்" என்று நல்லெண்ணத்துடன் 30 அம்பியர் தட்டைப் பியூஸைச் செருகுகிறார். உண்மையில் 17 அம்பியர் காவல் இருந்த இடத்தில் 30 அம்பியரை விட்டுவிட்டார். அந்த வயர் தாங்குவது 17.5 அம்பியர் மட்டுமே என்றால், இனி முதலில் உருகப்போவது பியூஸ் அல்ல.

எனவே பழைய கண்ணாடிப் பியூஸின் எண்ணைப் புதிய பெட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. '35' இருந்த இடத்துக்குத் தட்டைப் பியூஸில் 15 போதும்.

4. மூன்று வகைப் பியூஸ்கள்

கண்ணாடிக் குழாய்ப் பியூஸ்: பழைய பிரித்தானிய வாகனங்களில் உள்ளது. உள்ளே கம்பி அறுந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் இரு முனைகளையும் பிடிக்கும் தகட்டுக் கிளிப் காலப்போக்கில் தளர்ந்து பச்சை படியும். தளர்ந்த கிளிப் சூடாகும்; பியூஸ் காரணமின்றி உருகுவதுபோல் தோன்றும்.

பீங்கான் பியூஸ்: இரு முனையும் கூராகச் சிறு சுருட்டு வடிவில் இருக்கும். உலோகப் பட்டி வெளியே ஓடும். ஜேர்மன் வழிவந்த பழைய வாகனங்களில் காணலாம். டாடா நிறுவனம் 1954 முதல் 1969 வரை மெர்சிடிஸ்-பென்ஸுடன் கூட்டாக லொறி செய்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். இதில் மஞ்சள் 5 அம்பியர், வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25. ஈரத்தில் இதன் முனைகளும் சீக்கிரம் அழுக்கேறும்.

தட்டைப் பியூஸ்: 1970களில் வந்தது. இரண்டு தகட்டுக் கால்கள் கொண்ட பிளாஸ்டிக் வில்லை. இளம் பழுப்பு 5 அம்பியர், கடும் பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30. கால்கள் இறுக்கமாகப் பிடிபடும். குலுக்கலில் கழன்று விழாது. பெற்றோல் நிலையத்துக் கடையிலும் கிடைக்கும். சாதாரணமானவை 32 வோல்ற் வரை பயன்படுத்தத்தக்கவை. ஆகவே 12 வோல்ற் லொறிக்கும் 24 வோல்ற் லொறிக்கும் பொருந்தும்.

நிறத்தை மட்டும் நம்பும் சாரதி ஏமாறக்கூடும். மஞ்சள் என்றால் பீங்கானில் 5, தட்டையில் 20. ஒரே லொறியில் இரு வகையையும் கலந்து வைக்காதீர்கள்.

எமது பரிந்துரை தட்டைப் பியூஸ் பெட்டி. பழைய லொறியின் அழகு கெடும் என்று சிலர் சொல்வார்கள். கண்காட்சிக்கு வைக்கும் வாகனத்துக்கு அது சரி. கோவா ஏற்றும் லொறிக்கு அழகைவிடப் பிடிமானம் முக்கியம். ஆனால் கையளவு விலையில் பை நிறையக் கிடைக்கும் பெயரில்லாப் பியூஸ்களைத் தவிருங்கள். எழுதிய அளவை வெகுவாக மிஞ்சியும் உருகாத போலிகள் அவற்றில் உண்டு. உருகாத பியூஸும் ஆணியும் ஒன்றுதான்.

5. எண்ணிப் பார்ப்போம்

முதலில் பற்றரியைப் பாருங்கள். லொறி 12 வோல்ற்றா, 24 வோல்ற்றா? பற்றரியின் எந்த முனை சட்டத்தோடு இணைந்திருக்கிறது? பழைய பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் நேர்முனைதான் சட்டத்தில் இருந்தது. இதை அறியாமல் வேலை தொடங்கக் கூடாது.

அம்பியரைக் கணிக்க வாற் எண்ணை வோல்ற் எண்ணால் பிரிக்க வேண்டும். 55 வாற் பல்ப் 12 வோல்ற்றில் 4.6 அம்பியர் எடுக்கும். 24 வோல்ற் லொறியில் அதே வாற்றுக்குப் பாதியே போதும்.

அடுத்து வயர். வாகன வயரில் 14/0.30 என்றால் 0.30 மில்லிமீற்றர் தடிப்புள்ள 14 இழைகள் என்று பொருள். சாதாரண பீவீசீ உறையுள்ள வாகன வயர்களின் தாங்கும் அளவு இது:

14/0.30 வயர் 8.75 அம்பியர் தாங்கும். பியூஸ் 7.5க்கு மேல் வேண்டாம்.
28/0.30 வயர் 17.5 அம்பியர் தாங்கும். பியூஸ் 15க்கு மேல் வேண்டாம்.
44/0.30 வயர் 27.5 அம்பியர் தாங்கும். பியூஸ் 25க்கு மேல் வேண்டாம்.
84/0.30 வயர் 42 அம்பியர் தாங்கும். பியூஸ் 40க்கு மேல் வேண்டாம்.

வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1/1.13, 7/0.67 வயர்களை லொறிக்குப் போடாதீர்கள். அவற்றில் இழைகள் சில, தடிப்பானவை. தோட்டப் பாதைக் குலுக்கலில் உள்ளுக்குள் முறிந்துவிடும்.

மற்றொரு விதி: தொடர்ந்து எரியும் சுமை பியூஸ் எண்ணின் முக்கால் பங்கை மிஞ்சாமல் இருக்கட்டும். இந்த இரண்டு விதிகளையும் வைத்து, 12 வோல்ற் லொறி ஒன்றுக்குப் பட்டியல் போடுவோம்.

இடது டிம் லைட்: 55 வாற், 4.6 அம்பியர், பியூஸ் 7.5.
வலது டிம் லைட்: அதேபோல் தனியாக 7.5.
இடது பெரிய லைட்: 60 வாற், 5 அம்பியர், பியூஸ் 7.5.
வலது பெரிய லைட்: தனியாக 7.5.
இடது பக்கச் சிறு விளக்கும் பின் விளக்கும்: 10 வாற், 1 அம்பியருக்குக் குறைவு, பியூஸ் 5.
வலது பக்கச் சிறு விளக்கும் பின் விளக்கும்: தனியாக 5.
பிரேக் லைட் இரண்டும்: 42 வாற், 3.5 அம்பியர், பியூஸ் 7.5.
சிக்னல்: ஒரு பக்கம் 42 வாற், அவசரத்துக்கு நான்கும் மின்னினால் 84 வாற், 7 அம்பியர். பியூஸ் 10.
ஹோன்: பியூஸ் 15.
கெபின் விளக்கும் கைத்தொலைபேசி சார்ஜரும்: பியூஸ் 5.
வைப்பர்: பியூஸ் 15.
மீற்றர்களும் எச்சரிக்கை விளக்குகளும்: பியூஸ் 5.

இவற்றில் 5, 7.5 அம்பியர் வழிகளுக்கு 14/0.30 வயர் போதும். சிக்னல் வழியைக் கவனியுங்கள். 10 அம்பியர் பியூஸ் போட்டால் 14/0.30 வயர் கூடாது. முன்னிருந்து பின் வரை முழு வழிக்கும் 28/0.30 போட வேண்டும். ஹோனுக்கும் வைப்பருக்கும் அதுவே. அவை எவ்வளவு அம்பியர் எடுக்கின்றன என்பது மோட்டாருக்கு மோட்டார் மாறும். பாஸிடம் அம்பியர் மீற்றர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

ஹெட்லைட்டுக்கு நான்கு பியூஸ் ஏன் என்று கேட்கலாம். ஒரே பியூஸில் இரண்டு டிம் லைட்டையும் தொங்கவிட்டால், ஒரு பல்பின் கோளாறு இரண்டையும் அணைத்துவிடும். வளைவின் நடுவில் பாதை முழுவதும் இருண்டுபோகும். இடம் வலமாகப் பிரித்துவிட்டால் ஒரு கண்ணாவது மிஞ்சும். ஓரமாக நிறுத்த அது போதும்.

6. இரண்டு பகுதியாகப் பிரித்தல்

மேலே எண்ணியவை 12 வழிகள். இவற்றில் வைப்பரும் மீற்றர்களும் திறப்பைத் திருப்பினால் மட்டும் வேலை செய்தால் போதும். மற்றப் பத்தும் எஞ்சின் நின்றாலும் வேலை செய்ய வேண்டியவை. இருட்டில் பாதையோரம் நிற்கும் லொறிக்குச் சிறு விளக்கும் அவசர சிக்னலும் வேண்டும் அல்லவா?

ஆகவே எப்போதும் மின் உள்ள பகுதிக்கு 12 வழிப் பெட்டி ஒன்று. திறப்பு வழியாக மின் பெறும் பகுதிக்கு 4 வழிப் பெட்டி ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு இடம் வெறுமையாக மிஞ்சும். அந்த வெற்றிடத்தை வீண் என்று எண்ண வேண்டாம். நாளை பனிமூட்ட விளக்கோ சாமான் ஏற்றும் இடத்துக்கு ஒரு விளக்கோ போடும்போது, பழைய வழியில் ஒட்டு வயர் போடாமல் தப்பலாம். இரண்டு பகுதிகளும் ஒரே உடலில் உள்ள பெட்டிகளும் விற்கிறார்கள். வாங்குமுன், உள்ளே உள்ள உலோகப் பட்டி ஒன்றா இரண்டா என்று திருப்பிப் பாருங்கள். ஒரே பட்டி உள்ள பெட்டியில் இரு பகுதிகளைப் பிரிக்க முடியாது.

ஹெட்லைட்டுக்கு ரிலே போடுங்கள். பழைய முறையில் முழு மின்னோட்டமும் டாஷ்போர்ட் சுவிட்சினூடாகச் சுற்றிவரும். 6 மீற்றர் நீளமான 14/0.30 வயரில் 10 அம்பியர் ஓடினால், வழியிலேயே ஏறக்குறைய 1 வோல்ற் தொலைந்துபோகும். லைட் மங்கும், சுவிட்ச் கருகும். ரிலே இருந்தால் சுவிட்ச் கட்டளையை மட்டும் கொடுக்கும். பாரத்தை ரிலே சுமக்கும்.

இப்போது பலர் மறக்கும் ஒன்று. பற்றரியிலிருந்து பெட்டிக்கு வரும் பெரிய வயரும் ஒரு வயர்தான். அதுவும் உராயலாம். பெட்டிக்குள் இருக்கும் பியூஸ்கள் அதைக் காக்க மாட்டா. ஏனெனில் அவை அதற்கு அப்பால் இருக்கின்றன. எனவே பற்றரிக்கு மிக அருகில், ஒரு முழத்துக்குள், தனியாக ஒரு பிரதான பியூஸ் வேண்டும். பெரிய லைட்டுகள் 10 அம்பியர், சிறு விளக்குகள் ஏறக்குறைய 2, பிரேக் 3.5, சிக்னல் 3.5, ஹோனும் வைப்பரும் சேர்ந்து ஒரு 12 என்று வைத்தால், மொத்தம் 31 அம்பியர் வரும். 84/0.30 வயரும் 40 அம்பியர் பிரதான பியூஸும் பொருந்தும். எஞ்சினைச் சுற்றும் ஸ்டார்ட்டரின் தடித்த கேபிள் இதில் சேராது. அது தனி வழி.

7. எங்கே பொருத்துவது?

மலையகத்தில் வெயிலைவிட ஈரமே வயரின் எதிரி. முன் கண்ணாடி இறப்பர் வழியாக ஒழுகும் நீர் எங்கே சொட்டுகிறது என்று ஒரு மழை நாளில் பார்த்துவிட்டு, அந்த வழிக்கு வெளியே பெட்டியைப் பொருத்துங்கள். எஞ்சினுக்குப் பக்கத்திலும் பற்றரிக்கு மேலும் வேண்டாம். கெபினுக்குள், சாரதியின் கால் படாத இடத்தில், இருட்டிலும் கை எட்டும் உயரத்தில் இருக்கட்டும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். வயர்கள் கீழிருந்து மேலாகப் பெட்டிக்குள் வரட்டும். அப்போது வயரோடு ஓடிவரும் நீர் பெட்டிக்குள் போகாது. தகட்டில் துளையிட்டு வயர் கொண்டுபோகும் ஒவ்வோர் இடத்திலும் இறப்பர் வளையம் வேண்டும். அது இல்லாத துளை, வயரை அறுக்கும் அரிவாள்.

மூடியின் உட்புறத்தில் எந்தப் பியூஸ் எதற்கு, எத்தனை அம்பியர் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். நடுவழியில் உதவிக்கு வரும் பாஸ் எந்த மொழி பேசுபவராகவும் இருக்கலாம். வேலை தொடங்குமுன் பற்றரியில், சட்டத்தோடு இணைந்த முனையை முதலில் கழற்ற வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் கடைசியில் பூட்ட வேண்டும்.

8. குழு எழுதி வைக்க வேண்டிய விதிகள்

பொதுச் சொத்துக்குப் பொது விதி வேண்டும். சங்கக் குறிப்புப் புத்தகத்தில் இவற்றை எழுதிக் கையொப்பமிடுங்கள்.

அ. ஒவ்வோர் அளவிலும் இரண்டு மாற்றுப் பியூஸ் லொறியில் எப்போதும் இருக்கும். பயன்படுத்தியவர் அன்றே சொல்ல வேண்டும்.

ஆ. உருகிய பியூஸுக்குப் பதில் அதே எண்ணுள்ள பியூஸ் மட்டுமே போடப்படும். கூடிய எண் போடக் கூடாது.

இ. அதே பியூஸ் மறுபடியும் உருகினால் மூன்றாவது தடவை போடக் கூடாது. காரணத்தைத் தேட வேண்டும்.

ஈ. சிகரட் பெட்டி வெள்ளித்தாள், கம்பி, ஆணி எந்த நிலையிலும் பியூஸாகாது. சந்தைக்கு நேரமாகிவிட்டது என்பது காரணமாகாது.

உ. வயரிங் செய்த பாஸிடம் வரைபடம் ஒன்று வாங்கி வைக்கப்படும். கடைசித் தவணைக் கூலி வரைபடம் கிடைத்த பிறகே கொடுக்கப்படும்.

நான்காவது விதி எழுதுவதற்கு எளிது, கைக்கொள்ளக் கடினம். இரவு இரண்டு மணி. லொறி நிறைய லீக்ஸ். விடியுமுன் பேலியகொடைச் சந்தையை அடைய வேண்டும். பியூஸ் மறுபடியும் போய்விட்டது. சாரதியின் சட்டைப்பையில் வெள்ளித்தாள் இருக்கிறது. அந்த நேரத்தில் சாரதி தனியாகத் தீர்மானிக்க விடக் கூடாது. "அப்படியானால் நிறுத்து, அந்தப் பார நட்டத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்வோம்" என்று குழு முன்கூட்டியே சொல்லியிருந்தால்தான் அவர் நிறுத்துவார். நட்டம் முழுவதும் தன் தலையில் விழும் என்று அஞ்சும் மனிதன் வெள்ளித்தாளைத்தான் எடுப்பான். ஆகவே லொறியின் பாதுகாப்பு பாதி பெட்டியிலும் பாதி சங்கத்தின் நியாயத்திலும் இருக்கிறது.

9. சிந்தனைக்கு

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில் உடலையும் உறுப்புகளையும் பற்றிப் பேசுகிறார். பலவீனமாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்பது அவர் காட்டும் உண்மை. லொறியில் மிகப் பலவீனமான பொருள் பியூஸ். அதுவே முழு லொறியையும் காக்கிறது.

எமது சங்கங்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. கணக்கில் பிழை இருக்கிறது என்று எழுந்து சொல்லும் விதவைத் தாய். இந்தக் காணி சரிவு அபாயம் உள்ளது என்று திரும்பத் திரும்பச் சொல்லும் முதியவர். கூட்டம் தடைப்படுகிறதே என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அவர்களை உட்காரவைத்துவிட்டுக் கூட்டத்தை நடத்தினால், வெள்ளித்தாள் சுற்றிய பியூஸோடு மலை இறங்குகிறோம் என்று பொருள். எச்சரிக்கை செய்பவரை மாற்றுவதற்கு முன் எச்சரிக்கையின் காரணத்தைத் தேடுவதே நீதி.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. எமது லொறியில் அல்லது நாம் கூலிக்கு அமர்த்தும் லொறியில் எத்தனை பியூஸ் உள்ளன? எது எதற்கு என்று யாருக்குத் தெரியும்?

2. பழைய கண்ணாடிப் பியூஸில் உள்ள '35' ஏன் தட்டைப் பியூஸின் 35 அல்ல? உங்கள் சொந்த வார்த்தையில் விளக்குங்கள்.

3. 24 வோல்ற் லொறியில் 70 வாற் பல்ப் எத்தனை அம்பியர் எடுக்கும்? எந்த வயர், எந்தப் பியூஸ் பொருந்தும்?

4. வழியில் லொறி நின்று காய்கறி பழுதானால் நட்டத்தை யார் ஏற்பது என்று எமது சங்கம் தீர்மானித்திருக்கிறதா?

5. எமது கூட்டங்களில் யாருடைய எச்சரிக்கையை நாம் கேட்காமல் விட்டிருக்கிறோம்?

செய்து பாருங்கள்

அடுத்த கூட்டத்துக்கு முன், இளைஞர் இருவரும் பெண்கள் இருவரும் சேர்ந்து லொறியின் பியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பியூஸின் எண்ணையும் அதன் வயரின் தடிப்பையும் ஒரு தாளில் எழுதுங்கள். வயர் தாங்குவதைவிடப் பியூஸ் பெரிதாக உள்ள வழிகளுக்குச் சிவப்புக் கோடு இடுங்கள். அந்தத் தாளைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். சிவப்புக் கோடு ஒன்று இருந்தாலும், அடுத்த பாரம் ஏற்றுமுன் அதைச் சரிசெய்யத் தீர்மானம் எடுங்கள்.